ஏழாவது டிஸ்க்கின் இரண்டு நொடி

என் சித்தி சிஹாரு குளிர்காலம் முழுக்க, வீடுகளின் கணப்பு அடுப்புக்கு மண்ணெண்ணெய் விற்கும் லாரி ஓட்டுவாள். லாரியின் கூரையில் இருக்கும் ஒலிபெருக்கி ஒரே ஒரு குழந்தைப் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடும். அதைக் கேட்டுத்தான் ஜப்பானில் எங்கள் ஊரான இசேசாக்கியின் தெருக்களில் ஆட்கள் சிவப்பு கேனைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். அந்தப் பாட்டைச் சித்தியால் சகிக்க முடியாது. அதனால் கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளே தன்னுடைய, பாட்டுகள் இடைவெளியில்லாமல் ஒட்டி ஓடும் நான்-ஸ்டாப் டிஸ்க் ஒன்றை முழுச் சத்தத்தில் போட்டுக்கொள்வாள். கதவைத் திறந்து அவள் இறங்கும்போது இரண்டு பாட்டும் தெருவில் மோதிக்கொள்ளும்.

"சிஹாரு-சான், வெளியில பாப்பா பாட்டு, உள்ள பேயாட்டம். நாங்க எதைக் கேட்டு வெளிய வரணும்?" என்பார் எங்கள் தெரு சலூன்காரர், பெயரோடு மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்து.

"பாப்பா பாட்டுக்கு கேனோட வாங்க. பேயாட்டத்துக்கு நீங்க மட்டும் வாங்க" என்பாள் சித்தி.

அவள் தனியாகத்தான் இருக்கிறாள். சின்ன வீடு. அதில் ஒரு சுவர் முழுக்க டிஸ்க்குகள். எல்லாம் யூரோபீட் நடனப் பாட்டுகளின் ரீமிக்ஸ் தொகுப்புகள். போனில் பாட்டு கேட்கும் காலம் வருவதற்கு முன்னால் வெளிவந்தவை. கடையில் விற்றவை அவளுக்குப் பெரிய விஷயம் இல்லை. விற்காதவைதான் வேண்டும். மாயெபாஷியில் ஒரு டயர் கடை திறப்பு விழாவில் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த தொகுப்பு, ஒரு பியூட்டி பார்லர் தன் வாடிக்கையாளர்களுக்காகப் போட்ட தொகுப்பு, இரண்டு மாதம் மட்டும் நடந்த ஒரு கிளப்பின் தொகுப்பு. பழைய சாமான் கடைகளில் தூண்டில்களுக்கும் குக்கர்களுக்கும் நடுவே குனிந்து தேடி எடுத்தவை. டிஸ்க் பெட்டியின் முதுகில் சுற்றிய தாள் பட்டை கிழியாமல் இருக்க வேண்டும். அசல்தான் வேண்டும். யாராவது "நகல் எடுத்துத் தரட்டுமா" என்று கேட்டால், அவள் தட்டில் எச்சில் சோறு வைத்த மாதிரி முகம் போகும்.

அவளுக்கு அக்கா என் அம்மா. அம்மாவுக்கு இதெல்லாம் கேலிதான்.

"ஒரே பாட்டை எட்டுத் தடவ வாங்கி வெச்சிருக்கிறவ உலகத்திலேயே நீ ஒருத்திதான்டி."

"எட்டும் வேற வேறக்கா. இதுல டிரம் முன்னாடி வருது பாரு."

"எனக்குத் தலைவலிதான் முன்னாடி வருது."

ஆனால் அந்தச் சுவரில் ஒரே ஒரு நகல் உண்டு. நடுத்தட்டில், தனியாக. வெள்ளை டிஸ்க்கில் கறுப்பு மார்க்கரால் '7' என்று எழுதியிருக்கும். இந்தக் கதை அந்த டிஸ்க்கைப் பற்றியது. அது புரிய வேண்டுமானால் பாராபாரா ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பாராபாராவில் கால்களுக்குப் பெரிய வேலை இல்லை. இடம், வலம் என்று அடி வைத்துக்கொண்டிருந்தால் போதும். எல்லாம் கைகள்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் அதற்கென்று முடிவு செய்த கையசைவுகள் இருக்கின்றன. அறையில் இருக்கிற எல்லோரும் ஒரே நேரத்தில் அதையே செய்ய வேண்டும். சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது. கிளப்பில் முன்வரிசை என்பது பட்டா போட்ட நிலம் மாதிரி. அங்கே யார் நிற்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் அவர்களைப் பார்த்துப் பின்னால் ஆடுவார்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே நிறுத்தம் கிடையாது என்பதால் யாரும் இடம் மாற வழியும் கிடையாது.

தகாசாக்கியில் 'ஆம்பர்' என்று ஒரு கிளப் இருந்தது. நான் பிறப்பதற்கு முன்னால். அதன் ஏழாம் ஆண்டு விழா அன்று ஹன்சாவா என்கிற டி.ஜே. தானே கோத்த ரீமிக்ஸ்களை ஊதா நிற டிஸ்க்காகப் போட்டு, வாசலில் வந்தவர்களுக்குக் கொடுத்தார். சித்தியின் தோழி நகிசாவின் பெரியப்பா மகனுக்கு ஒன்று கிடைத்தது. அவன் அதை ஒருநாள் மட்டும் இரவல் கொடுத்தான். நகிசா தன் தம்பியின் புதுக் கம்ப்யூட்டரில் நகல் எடுத்து, '7' என்று எழுதி, மறுநாள் அசலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நான்கு பேர் அதை வைத்து ஆடினார்கள்: சித்தி, நகிசா, அவர்களின் இன்னொரு தோழி முட்சுமி, என் அம்மா. பவுலிங் கூடத்துக்குப் பின்னால் இருந்த கார் நிறுத்துமிடத்தில், அம்மாவின் குட்டிக் காரின் கதவுகளையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு. முட்சுமி வாரா வாரம் ஆம்பருக்குப் போய்க் கையசைவுகளைக் கற்று வந்து மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பாள். நால்வரில் அவள்தான் நன்றாக ஆடுவாள். அதனால் முன்னால் அவள், பின்னால் மூவர்.

அந்த '7'இல் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் இரண்டு நொடி மௌனம் இருந்தது. கைகள் தலைக்கு மேலே போன இடத்தில் அப்படியே நிற்கும். அகாகி மலையிலிருந்து இறங்கும் காற்றின் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு அடுத்த பாட்டு விழும். ஒருநாள் அந்த மௌனத்தில், பின்னால் நின்றிருந்த நகிசா கைகளை இறக்காமலே நடந்து வந்து முன்னால் நின்றுகொண்டாள். முட்சுமி சிரித்துவிட்டுப் பின்னால் போனாள். அதற்கடுத்த மௌனத்தில் அம்மா. அதற்கடுத்து சித்தி. அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு பாட்டுக்கு ஒருத்தி முன்னால்.

"வாழ்க்கையிலேயே நான் முன்னால நின்னது அந்தப் பார்க்கிங்லதான்" என்று சித்தி சொல்வாள். பள்ளியில் அவள் கடைசி பெஞ்ச். வேலை செய்த தொழிற்சாலையில் கன்வேயரின் கடைசி ஆள்.

பிறகு ஒருநாள் நால்வரும் சேர்ந்து ஆம்பருக்குப் போனார்கள். ஹன்சாவா அதே ஏழாம் ஆண்டுத் தொகுப்பைப் போட்டார்; வாரா வாரம் போகிற முட்சுமிகூட அதை அங்கே கேட்பது முதல் தடவை. முதல் பாட்டு முடிந்தது. நால்வரும் கைகளைத் தூக்கி நின்றார்கள். சித்தி முன்னால் நடந்தாள். ஆனால் மௌனம் வரவில்லை. அடுத்த பாட்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. சித்தி நேராகப் போய் முன்வரிசைக்காரி கவோருவின் முதுகில் மோதினாள்.

கவோரு திரும்பிப் பார்த்தாள். "இசேசாக்கியில இருந்து சோளக்கொல்லை பொம்மைங்க வந்திருக்குடி! கைய தூக்கிட்டு நிக்குதுங்க பாரு."

"டிஸ்க்ல அப்படித்தான் இருக்கு. நடுவுல நிக்குது" என்றாள் சித்தி.

"எந்த டிஸ்க்ல? காட்டு."

சித்தியின் பையில் இருந்தது மார்க்கரால் எழுதிய நகல். அதை எடுத்துக் காட்டினாள். அன்று அந்தக் கிளப்பே சிரித்தது.

சித்தி டிஸ்க் சேர்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். நகிசாவின் பெரியப்பா மகன் தன் அசலை எங்கோ தொலைத்துவிட்டிருந்தான். அதனால் எந்தக் கடைக்குப் போனாலும் சித்தி முதலில் ஊதா நிறத்தைத்தான் தேடுவாள். அந்த அசலைக் கவோருவின் முன்னால் வைக்க வேண்டும். ஹன்சாவா கிளப்பில் வேறு மாதிரி போட்டார், டிஸ்க்கில் மௌனம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அவளிடம் இருக்கும் மற்ற எந்தத் தொகுப்பிலும் நடுவே மௌனம் இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். அதனால்தான் அந்த ஏழாம் ஆண்டு டிஸ்க் எல்லாவற்றையும் விட அபூர்வமானது என்று நம்பினாள். நகல் என்றாலே அருவருக்கிறவள், நகல் எடுக்கும்போது என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளவே இல்லை.

போன இலையுதிர் காலத்தில் ஹன்சாவாவிடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. இப்போது அவர் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் இருக்கிறார். ஆம்பரின் பழைய ஆட்கள் தகாசாக்கியில் ஒரு கூடத்தில் கூடப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, மதியம். எல்லோருக்கும் மறுநாள் வேலை, பாதிப் பேருக்கு இடுப்பு வலி. ஒவ்வொரு ஊர்க் குழுவும் மேடையேறி ஆடலாம். 'ஏழாம் ஆண்டு டிஸ்க் என்னிடமே இல்லை, யாராவது கொண்டுவந்தால் போடுகிறேன்' என்றும் எழுதியிருந்தார்.

"எங்கிருந்தாவது கிடைக்கணும்" என்றாள் சித்தி. அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் முதியோர் இல்லத்தில் வேலை என்பதால், அம்மாவின் இடத்தில் என்னை நிறுத்தினார்கள். பள்ளி முடித்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் நான் வீட்டில் இருந்தேன். கைகள் சும்மாதான் இருந்தன.

அந்த ஊதா டிஸ்க் கிடைத்த இடம், தக்காளி போன்ற ஆரஞ்சுப் பழம் காய்க்கும் ஒரு சீமைப் பனிச்சை மரம்.

ஊர் ஓரத்தில் தாகேய் என்கிற கிழவர் வெங்காயத்தாளும் சீமைப் பனிச்சையும் வளர்க்கிறார். பழம் பழுக்கிற காலத்தில் பறவைகளை விரட்ட மரத்தில் பழைய டிஸ்க்குகளைக் கட்டித் தொங்கவிடுவார். சித்தி அவர் வீட்டுக் கேனை நிரப்பிக்கொண்டிருந்தாள். உதவிக்குப் போன நான் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். காற்றில் ஒரு டிஸ்க் திரும்பியது. பின்பக்கம் ஊதா. சித்தி கேனை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

"தாத்தா, இதை எப்போ கட்டினீங்க?"

"போன வாரம்தான். மக ரூமைக் காலி பண்ணேன். ஏம்மா, மண்ணெண்ணெய் வழியுது."

"இதை எனக்குத் தருவீங்களா?"

"அதைக் கொடுத்துட்டா காக்காய்க்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நான் வேற டிஸ்க் தரேன். பத்துத் தரேன்."

கிழவர் யோசித்தார். "உன்னோடது நல்லா மின்னுமா?"

"இதைவிட மின்னும் தாத்தா!"

சித்தி தன் சுவரிலிருந்து இரட்டைப் பிரதிகளைக் கொண்டுவந்து தன் கையாலேயே மரம் முழுக்கக் கட்டினாள். தாள் பட்டைகளை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டாள். அந்த வருடம் இசேசாக்கியிலேயே விலை உயர்ந்த பறவை விரட்டி தாகேய் கிழவரின் மரம்தான். இது கிழவருக்குத் தெரியாது.

டிஸ்க்கை மென்மையான துணியால் துடைத்து, கீறல் போக்கும் கடையில் கொடுத்துத் தேய்த்து வாங்கினோம். சித்தியின் வீட்டில் உட்கார்ந்து போட்டோம். நகிசாவும் முட்சுமியும் வந்திருந்தார்கள். மிசோ என்கிற சோயா விழுது தடவிச் சுட்ட பன்களை முட்சுமி வாங்கி வந்திருந்தாள்.

முதல் பாட்டு முடியப் போகிறது. சித்தி உட்கார்ந்தபடியே கைகளைத் தூக்கினாள்.

மௌனம் வரவில்லை. முதல் பாட்டின் டிரம்முக்கு அடியிலேயே இரண்டாவது பாட்டு கிளம்பி வந்தது, எங்கே சேர்ந்தது என்றே தெரியாமல். அடுத்த இடத்திலும் அப்படித்தான். அதற்கடுத்த இடத்திலும். சித்தியின் கைகள் மெல்ல இறங்கின.

"கம்ப்யூட்டர்" என்றாள் நகிசா, யாரும் கேட்காமலே. "அப்போ அந்த மெஷினு ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியா எழுதும். நடுவுல ரெண்டு நொடி விட்டுடும். விடாம எழுதறதுக்கு செட்டிங்ல ஏதோ ஒண்ண மாத்தணும்னு தம்பி பின்னாடி சொன்னான். அப்போ எனக்குத் தெரியாதுடி."

"பின்னாடின்னா எப்போ?" என்று கேட்டாள் முட்சுமி.

"ரொம்ப வருஷம் முன்னாடி. இவ அந்த ரெண்டு நொடியைப் பத்திப் பேசும்போதெல்லாம் வாயைத் திறக்க மனசு வரல."

சித்தி பாட்டை நிறுத்தி, டிஸ்க்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பன் ஆறிப்போனது. கவோரு சொன்னது சரிதான், தாங்கள் சோளக்கொல்லை பொம்மைகள்தான் என்று அவள் நினைக்கிறாள் என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வருடக்கணக்கில் தேடிய பொருள் கையில் இருக்கிறது. அது அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

"ஒண்ணும் குடி முழுகிடல" என்றாள் முட்சுமி. "இதைக் கொண்டு போகவே வேண்டாம். பழைய '7'ஐயே போடச் சொல்லு. அசல் இல்லாம யாரால நம்மளத் தப்புன்னு சொல்ல முடியும்?"

"இல்லன்னா சரியாவே ஆடிடலாம்" என்றாள் நகிசா. "நிறுத்தாம. முட்சுமி முன்னால, நாம பின்னால."

அந்த வாரம் சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்தில் அசலை வைத்து அப்படியே ஆடிப் பார்த்தோம். முட்சுமி முன்னால் அழகாக ஆடினாள். நாங்கள் மூவரும் பின்னால் அவள் முதுகைப் பார்த்து ஆடினோம். தப்பே வரவில்லை. முடிந்ததும் முட்சுமிதான் முதலில் சொன்னாள்:

"சீ, நல்லாவே இல்ல. எனக்கு முன்னாடி யாருமே இல்ல. நான் யாரைப் பாத்து ஆடறது?"

சித்தி சிரித்தாள். அந்த வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு. "ரெண்டையும் எடுத்துட்டுப் போலாம்" என்றாள்.

தகாசாக்கிக் கூடத்தில் நூறு பேர் இருப்பார்கள். சிலர் பழைய வெள்ளை பூட்ஸ் போட்டு வந்திருந்தார்கள், பிள்ளைகள் ஜூஸ் பாக்கெட்டோடு குறுக்கே ஓடின. சித்தி உள்ளே நுழைந்ததும் கவோருவைத்தான் தேடினாள். கவோரு இப்போது பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். முன்வரிசையில்தான் நின்றிருந்தாள்.

சித்தி ஊதா டிஸ்க்கை நீட்டினாள். "கவோரு-சான், இது ஏழாம் ஆண்டு அசல். இதுல நடுவுல நிக்கல. நீங்க சொன்னதுதான் சரி. எங்க நகல்லதான் கோளாறு."

கவோரு டிஸ்க்கைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள். "எது நிக்கல? மன்னிச்சுக்கோங்க, நீங்க யாரு?"

"இசேசாக்கி. சோளக்கொல்லை பொம்மை."

"நான் அப்படியா சொன்னேன்?" கவோரு வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்போ எனக்கு வாய் ரொம்ப நீளம். என் பொண்ணுக்கும் அதே வாய்தான், இப்போ நான் அனுபவிக்கிறேன்."

சித்தி நீட்டிய டிஸ்க்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இத்தனை வருடம் யாரிடம் வாதாடிக்கொண்டிருந்தாளோ, அந்த ஆளுக்கு வழக்கே நினைவில் இல்லை. சித்தி அழப் போகிறாளோ என்று நான் பயந்தேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு நேராக ஹன்சாவாவின் மேஜைக்குப் போய் '7'ஐக் கொடுத்தாள்.

"இதைப் போடுங்க."

ஹன்சாவா போட்டுப் பார்த்தார். இயந்திரம் டிஸ்க்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே துப்பியது. மறுபடி வைத்தார். மறுபடி துப்பியது.

"இது செத்துப் போச்சும்மா. பழைய நகலெல்லாம் இப்படித்தான். உங்க கையில அசல் இருக்கே, அப்புறம் என்ன?"

சித்தி அசலைக் கொடுத்தாள். "ஆனா ஒவ்வொரு பாட்டு முடிஞ்சதும் ரெண்டு நொடி நிறுத்தணும்."

"என்னது?"

"நிறுத்தணும். சத்தமே வரக் கூடாது. அப்புறம் அடுத்த பாட்டை ஆரம்பத்துல இருந்து விடணும்."

ஹன்சாவாவுக்கு முகம் சிவந்தது. "ஒட்டு தெரியாம ஒட்டறதுக்கு நான் எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா? அதைப் போய் வெட்டச் சொல்றீங்களே!"

"ஒட்டின கைக்கு வெட்டறது என்ன கஷ்டம்?"

"அது தப்பும்மா."

"தப்புதான்" என்றாள் சித்தி. "ஆனா எங்க ஆட்டம் அதுதான், ஹன்சாவா-சான்."

அவர் நகிசாவைப் பார்த்தார், முட்சுமியைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். டிரைவிங் பள்ளியில் தேறாத மாணவர்களைப் பார்க்கிற மாதிரி. பிறகு தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

முதலில் முட்சுமி முன்னால். மேடைக்குக் கீழே கூடமே சேர்ந்து ஆடியது. அந்தக் கையசைவுகளை யாரும் மறந்திருக்கவில்லை. பாட்டு முடிந்தது. ஹன்சாவா நிறுத்தினார். எங்கள் நான்கு ஜோடிக் கைகளும் தலைக்கு மேலே நின்றன. கீழே இருந்தவர்கள் என்னவோ கோளாறு என்று மேஜையைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மௌனத்தில் நகிசா நடந்து முன்னால் வந்தாள். இரண்டாவது பாட்டு விழுந்தது.

அடுத்த மௌனத்தில் நான் முன்னால் போனேன். கீழே கடைசி வரிசையில் இருந்த ஒரு வழுக்கைத் தலைக்காரருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. கைகளைத் தூக்கியபடியே கூட்டத்துக்கு நடுவே நடந்து முன்வரிசைக்கு வந்து நின்றார். அதைப் பார்த்து இன்னும் சிலர் கிளம்பினார்கள்.

கடைசி மௌனம் சித்தியுடையது. அவள் என்னைக் கடந்து முன்னால் போனபோது கூடம் முழுக்க நகர்ந்துகொண்டிருந்தது. பின்னால் இருந்தவர்கள் முன்னால் வந்தார்கள். இடம் பறிபோன கவோரு கைகளைத் தூக்கியபடி நடுவில் திகைத்து நின்றாள்.

"ஏய், நான் எங்க போறது?"

"பின்னால போங்க கவோரு-சான்! அடுத்த தடவ வரலாம்!" என்று மேடையிலிருந்து கத்தினாள் சித்தி.

கவோரு சிரித்துக்கொண்டே பின்னால் போனாள். பாட்டு விழுந்தது. சித்தி எல்லோருக்கும் முன்னால் நின்று அதை முழுதாக ஆடினாள். நடுவில் ஓர் இடத்தில் இடதுகை வரவேண்டிய இடத்தில் வலதுகை போனது. கூடமே அவளைப் பார்த்து அப்படியே தப்பாகச் செய்தது.

கிளம்பும்போது ஹன்சாவா ஊதா டிஸ்க்கை இரண்டு கைகளாலும் ஏந்திக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்த பிறகும் அவருக்கு விட மனம் வரவில்லை.

"என்கிட்ட இது ஒண்ணுகூட இல்ல. நீங்க தப்பா நெனைக்கலன்னா, ஒரே ஒரு நகல் எடுத்துக்கட்டுமா?"

நகல் என்ற வார்த்தையைக் கேட்டதும் சித்தியின் முகம் எப்படிப் போகும் என்று எங்களுக்குத் தெரியும். நாங்கள் அவளையே பார்த்தோம்.

"தரேன்" என்றாள் அவள். "ஆனா நகிசாதான் எடுப்பா. அவ தம்பியோட பழைய மெஷின்ல."

"அது எப்பவோ குப்பைக்குப் போயிடுச்சுடி" என்றாள் நகிசா.

"அப்போ புது மெஷின்லயே எடு. உன் தம்பி மாத்தணும்னு சொன்ன அந்த ஏதோ ஒண்ணை மட்டும் மாத்தாம எடு" என்று சொல்லிவிட்டுச் சித்தி வண்டியைக் கிளப்பினாள்.